ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் மென்பொருள்கள்

ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமானால் இன்னொன்று முன்கூட்டியே கணினியில் இருந்தாக வேண்டும் என்ற நிலைக்குச் சார்பு என்று பெயர். அந்த இன்னொன்றை நிறுவப் போனால் அதற்கு முதலாவது மென்பொருளே தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் சுழல் சார்பு. இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில் மட்டும்தான் இது நேரும் என்றில்லை. ஐந்தாறு பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே முட்டி நிற்கும் நீண்ட சுழல்களும் உண்டு. எதை முதலில் நிறுவுவது என்று தெரியாமல் கணினி வேலையை நிறுத்திவிட்டு, திரையில் ஒரு பிழைச் செய்தியைப் போட்டுவிடும்.

அன்றாடச் செயலிகளை நிறுவுவோருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. அந்தச் செயலிகள் தமக்கு வேண்டியதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகின்றன. நிரல் எழுதுவோரின் கருவிகள் அப்படி அல்ல. கம்பைலர், டீபக்கர், டேட்டாபேஸ், எழுத்துரு லைப்ரரி, சோதனைக் கருவி என்று ஒவ்வொன்றும் மற்றவற்றின் தோளில் ஏறி நிற்கிறது. புதிய லேப்டாப்பில் ஒரே ஒரு கருவியைக் கேட்டால் அதன் பின்னால் ஐம்பது, அறுபது பேக்கேஜ்கள் வரிசைகட்டி இறங்குவது வழக்கமான காட்சி. அவற்றை எந்த வரிசையில் இறக்குவது என்று முடிவு செய்வதே பேக்கேஜ் மேனேஜர் என்ற மென்பொருளின் முதல் வேலை. லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் ஆப்ட், பைதானுக்கு பிப், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

வரிசைப்படுத்தும் கணக்கு பழையது. ஆர்தர் கான் என்பவர் 1962-ல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன முறை இன்றும் பல கருவிகளின் அடித்தளமாக இருக்கிறது. எந்தத் தேவையும் பாக்கியில்லாத பேக்கேஜைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதை வரிசையில் சேர்த்துவிட்டு, அதற்காகக் காத்திருந்த மற்றவற்றின் தேவைப் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடிக்க வேண்டும். அடித்ததும் வேறு சில பேக்கேஜ்கள் தேவை தீர்ந்தவை ஆகும். இப்படியே தொடர்ந்தால் கடைசியில் பட்டியல் காலியாகிவிடும். காலியாகாமல், மிச்சமிருக்கும் ஒவ்வொன்றும் இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஒரு சுழல் இருக்கிறது என்று பொருள். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இந்த வேலைக்கென்று டி-சார்ட் என்ற சிறு கட்டளை இருந்தது. லிங்க்கர் என்ற இணைப்புக் கருவிக்குக் கோப்புகளைச் சரியான வரிசையில் கொடுப்பதற்காக எழுதப்பட்டது அது. இன்றைய லினக்ஸிலும் இருக்கிறது. 'இதற்குப் பின் இது' என்று இரண்டிரண்டு பெயர்களாக எழுதிக் கொடுத்தால் வரிசையைச் சொல்லும். சுழல் இருந்தால் அதில் சிக்கிய பெயர்களைத் தனியே காட்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைசியில் மிச்சமாகும் பேக்கேஜ்கள் எல்லாமே சுழலில் இருப்பவை அல்ல. பாதிக்கு மேல் வெறுமனே சுழலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவையாக இருக்கலாம். பிழைச் செய்தியில் பத்துப் பெயர்கள் வந்தால், உண்மையான முடிச்சு இரண்டு பெயர்களுக்கு இடையில் மட்டும் இருக்கலாம். அதைப் பிரித்தெடுக்கக் கைவழியும் உண்டு. ஏதாவது ஒரு பெயரில் தொடங்கி, அது எதற்காகக் காத்திருக்கிறது, அந்த இன்னொன்று எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போக வேண்டும். ஏற்கெனவே எழுதிய பெயர் திரும்ப வரும் இடத்தில் நிறுத்தலாம். அந்தப் பெயரின் இரண்டு வருகைகளுக்கும் இடைப்பட்டவை மட்டுமே சுழல். முன்னால் எழுதியவை வழிப்போக்கர்கள். அவற்றின் மேல் கை வைக்கத் தேவையில்லை.

எப்போது தேவைப்படுகிறது என்பதே கேள்வி

சுழல் கிடைத்ததும் அடுத்துக் கேட்க வேண்டியது, ஒன்றுக்கு மற்றொன்று எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்பது. ஒரு மென்பொருளின் வாழ்வில் மூன்று கட்டங்கள் உண்டு. மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து உருவாக்கும் கட்டம், கணினியில் இறக்கி அமைக்கும் கட்டம், அதன்பின் ஓடும் கட்டம். சார்பு என்ற ஒரே சொல் மூன்றையும் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஓடும்போது மட்டும் ஒன்றையொன்று தேடும் இரு மென்பொருள்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டும் வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், எது முதலில் வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. உருவாக்கும் கட்டத்தில் சுழல் இருந்தால்தான் வேலை உண்மையிலேயே நின்றுபோகும்.

ஓடும்போது மட்டும் வரும் சுழலுக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். டெபியனிலும் உபுண்டுவிலும் பல பதிப்புகளாக ஒவ்வொரு கணினியிலும் அது இருக்கிறது. சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி6, லிப்ஜிசிசி-எஸ்1 என்ற சிறு பேக்கேஜைக் கேட்கும். லிப்ஜிசிசி-எஸ்1 திரும்பி லிப்சி6-ஐக் கேட்கும். காரணமும் நியாயமானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு த்ரெட்டைப் பாதியில் நிறுத்த வேண்டுமென்றால், அதுவரை நடந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கலைக்க வேண்டும். அந்த வித்தை லிப்ஜிசிசியிடம் இருக்கிறது. லிப்ஜிசிசியோ நினைவக ஒதுக்கீடு போன்ற அடிப்படை வேலைகளுக்கு சி லைப்ரரியை நம்பியிருக்கிறது. சுழல் இருந்தும் உபுண்டு நிறுவல் இதனால் நிற்பதில்லை.

ஏன் நிற்பதில்லை என்றால், டெபியனின் டி-பேக்கேஜ் கருவி நிறுவலை இரண்டாகப் பிரித்துச் செய்கிறது. முதலில் பேக்கேஜைப் பிரித்துக் கோப்புகளை அதனதன் இடத்தில் வைக்கிறது. பிறகுதான் அமைப்பு ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. இரண்டு பேக்கேஜ்களையும் முதலில் பிரித்து வைத்துவிட்டால் கோப்புகள் எல்லாம் வந்துவிடும். அதன்பின் அமைப்பதில் சிக்கல் குறைவு. அப்போதும் எதை முதலில் அமைப்பது என்ற கேள்வி வந்தால் டெபியன் விதிமுறை தெளிவாகப் பதில் சொல்கிறது. சுழலில் உள்ள ஒரு பேக்கேஜுக்கு நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட் இல்லையென்றால், அந்த இடத்தில் சுழலை அறுத்துவிடலாம். ஸ்கிரிப்டே இல்லாத பேக்கேஜ் தன் துணைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் அறுபடும். எந்த இடம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஸ்கிரிப்ட் எழுதுவோர் அதையும் எதிர்பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் 'பிரிப்பதற்கு முன்பே வேண்டும்' என்ற கடுமையான சார்பு ஒன்றும் டெபியனில் உண்டு. அந்த வகையில் சுழல் வந்தால் வழியே இல்லை, அதனால் அதைப் பயன்படுத்துவோர் மிகுந்த கட்டுப்பாட்டோடு பயன்படுத்துகிறார்கள்.

பிப்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. சார்புகளை முதலிலும் அவற்றைக் கேட்டவற்றைப் பின்னரும் நிறுவுவது அதன் வழக்கம். சுழல் தென்பட்டால் ஏதோ ஒரு புள்ளியில் அறுத்துவிட்டு எல்லாவற்றையும் நிறுவிவிடும். ஆயத்தமாகக் கட்டப்பட்ட பேக்கேஜ்களை நிறுவுவது கோப்புகளைப் படியெடுத்து வைப்பதுதான் என்பதால் வரிசை மாறினாலும் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை.

ஃபிரீடைப், ஹார்ஃப்பஸ்: ஒரு நிஜ முடிச்சு

உருவாக்கும் கட்டத்துச் சுழலுக்கு லினக்ஸ் உலகில் மிகவும் பேர்போன உதாரணம் ஃபிரீடைப், ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு லைப்ரரிகள். தமிழை மின்திரையில் படிக்கும் எவரும் இவற்றுக்குக் கடன்பட்டவர்தான். ஃபிரீடைப்பை 1996-ல் டேவிட் டர்னர் தொடங்கினார். எழுத்துருக் கோப்பைத் திறந்து, அதில் வளைகோடுகளாக இருக்கும் எழுத்து வடிவத்தைத் திரையின் புள்ளிகளாக மாற்றித் தருவது அதன் வேலை. ஹார்ஃப்பஸின் வேலை அதற்கு முந்தியது. எந்தெந்த வடிவங்களை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்று அது முடிவு செய்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது.

'கொ' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டால் போதும். ஒருங்குறியில் அது முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்று இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ மூன்று உருவங்கள் வர வேண்டும்: கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஒகரக் குறியை இரண்டாக உடைத்து, முதல் பாதியைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் காரியத்தை ஹார்ஃப்பஸ் செய்கிறது. இது இல்லாத மென்பொருளில் கொம்பு இடம் மாறித் தமிழ் உடைந்து தெரியும்.

வடிவங்களின் அகலம், உயரம் போன்ற அளவுகளை எழுத்துருவிலிருந்து வாங்க ஹார்ஃப்பஸ் ஃபிரீடைப்பைத் துணைக்கு அழைக்கலாம். பல மென்பொருள்கள் அந்த இணைப்பை எதிர்பார்ப்பதால் அது பெரும்பாலும் சேர்த்தே கட்டப்படுகிறது. மறுபக்கம், ஃபிரீடைப்பில் எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளின் கட்டத்தோடு ஒட்டிச் சீராக்கும் தானியங்கிப் பகுதி ஒன்று உண்டு. நேரடி ஒருங்குறி எண் இல்லாத வடிவங்கள் எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க அந்தப் பகுதி ஹார்ஃப்பஸைக் கேட்கும். ஃபிரீடைப்பைக் கட்ட ஹார்ஃப்பஸ், ஹார்ஃப்பஸைக் கட்ட ஃபிரீடைப். முடிச்சு விழுந்துவிட்டது.

எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டும் ஜென்டூ லினக்ஸில் இது நேராகக் கண்ணில் படும். அதன் பேக்கேஜ் மேனேஜரான போர்டேஜ், சுழல் சார்பு என்று அறிவித்துவிட்டு இரண்டு பெயர்களையும் காட்டும். அதோடு விடாமல், ஃபிரீடைப்பின் அமைப்பில் ஹார்ஃப்பஸ் வசதியை நீக்கினால் இந்தச் சுழலை உடைக்கலாம் என்று யோசனையும் சொல்லும். பிழைச் செய்திகள் எல்லாம் இப்படி எழுதப்பட வேண்டும். என்ன நடந்தது, எங்கே நடந்தது, எதை மாற்றலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

தீர்வுக்கான வழி மூன்று படிகள். ஹார்ஃப்பஸ் வசதி இல்லாத எளிய ஃபிரீடைப்பை ஒருமுறை கட்டுவது. அதை வைத்து ஹார்ஃப்பஸை முழுமையாகக் கட்டுவது. பிறகு அந்த ஹார்ஃப்பஸோடு ஃபிரீடைப்பை மறுபடி கட்டுவது. லினக்ஸை அடியிலிருந்து கைப்படக் கட்டுவோருக்கான வழிகாட்டி நூல்களும் இதே மூன்று படிகளைத்தான் சொல்கின்றன. மூன்றாவது படியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். உடனே எதுவும் பழுதாகத் தெரியாது என்பதே அதற்குக் காரணம். ஆனால் குறை வசதியோடு ஒரு லைப்ரரி கணினியில் தங்கிப்போய், பல மாதம் கழித்துத் தொடர்பில்லாத வேறொரு நிறுவலில் புதுப் பிழையாக முளைக்கும். இதேபோல், வசதியை நீக்கும் மாற்றத்தை அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். நிரந்தர அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் அது கணினி முழுவதையும் பாதிக்கும்.

உபுண்டு, ஃபெடோரா பயன்படுத்துவோர் இந்த முடிச்சைப் பார்க்காமலேயே காலம் தள்ளலாம். அந்த டிஸ்ட்ரோக்களைப் பராமரிப்பவர்கள் அதை முன்பே அவிழ்த்து, ஏற்கெனவே கம்பைல் செய்த ஆயத்தப் பைனரிகளாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபிரீடைப் திட்டமும் தன் பங்குக்கு, கட்டும் நேரத்தில் ஹார்ஃப்பஸைக் கேட்காமல் ஓடும் நேரத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் புதிய பதிப்புகளில் கொண்டுவந்திருக்கிறது. கட்டும் கட்டத்துச் சுழலை ஓடும் கட்டத்துக்கு நகர்த்தியதும் அதன் கடுமை போய்விடுகிறது.

முதல் உறை எங்கிருந்து வருகிறது

குறைத்துக் கட்டவே முடியாத மென்பொருள்களும் உண்டு. கம்பைலர்கள் அந்த வகை. ரஸ்ட் மொழியின் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது; அதைக் கட்ட ஏற்கெனவே ஒரு ரஸ்ட் கம்பைலர் வேண்டும். பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும், உறைமோரோ தயிரிலிருந்துதான் வர வேண்டும் என்ற வீட்டுக் கணக்கு இதுவே. முதல் உறை பக்கத்து வீட்டிலிருந்து வரும். கம்பைலருக்கும் அப்படித்தான். வெளியே யாரோ கட்டிவைத்த பைனரியை ஒருமுறை வாங்கிவந்து, அதை வைத்துத் தன் பதிப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு பூட்ஸ்ட்ராப் என்று பெயர்.

கோ மொழி இந்த மாற்றத்தை வெளிப்படையாகச் செய்தது. தொடக்கத்தில் அதன் கம்பைலர் சி மொழியில் இருந்தது. 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பில் அது கோ மொழிக்கே மாற்றப்பட்டது. அன்றிலிருந்து கோவைக் கட்ட கோ வேண்டும். 1.5-ஐக் கட்ட 1.4 போதும், சி மொழியில் எழுதப்பட்ட கடைசிப் பதிப்பு அது. பிந்தைய பதிப்புகள் இன்னும் புதிய கோவை எதிர்பார்க்கின்றன. பழைய கோ இருக்கும் கணினியில் புதியதை மூலநிரலிலிருந்து கட்டப் போய்த் திணறுவோர், படிப்படியாக ஏறி வர வேண்டும் அல்லது அதிகாரப்பூர்வப் பைனரியை இறக்கிக்கொள்ள வேண்டும். ரஸ்டின் முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. இன்று ஒவ்வொரு பதிப்பும் அதற்கு முந்தைய பதிப்பைக் கொண்டு கட்டப்படுகிறது. சி கம்பைலரான ஜிசிசி இன்னும் நிதானமானது. இருக்கும் கம்பைலரால் தன்னைக் கட்டி, அப்படி வந்த ஜிசிசியால் மறுபடி தன்னைக் கட்டி, அதனால் மூன்றாம் முறையும் கட்டுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாக ஏற்கிறது.

வெளியிலிருந்து வாங்கும் பைனரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி இங்கே எழுகிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-ல் வெளியான தன் உரையில் அதன் அபாயத்தை விளக்கினார். மூலநிரலில் ஒரு தடயமும் இல்லாமல், கம்பைலரின் பைனரிக்குள் மட்டும் ஒளிந்து தலைமுறை தலைமுறையாகத் தொற்றும் தீய நிரலை எழுத முடியும் என்று அவர் காட்டினார். அதற்குப் பதில் தேடும் முயற்சிகளில் கீக்ஸ் என்ற லினக்ஸ் திட்டத்தின் பணி வியக்கத்தக்கது. வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு சிறு பைனரியில் தொடங்கி, படிப்படியாக மேலேறி ஜிசிசி வரை எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டும் பாதையை அவர்கள் 2023-ல் அறிவித்தார்கள். 357 பைட் என்றால் தமிழில் ஒரு சிறிய பத்திகூட அதற்குள் அடங்காது.

பைதானில் இந்த விவகாரம் சாதாரணப் பயனரின் வாசலுக்கே வந்துவிடுகிறது. பைதான் பேக்கேஜ்களைக் கட்டித் தரும் கருவிகளே பைதான் பேக்கேஜ்கள்தான். நெடுநாளாக செட்டப்டூல்ஸ் என்ற கருவி வீல் என்ற ஆயத்த வடிவத்தில் பேக்கேஜ்களைக் கட்ட, வீல் என்ற அதே பெயருள்ள பேக்கேஜை நாடியது; அந்தப் பேக்கேஜோ செட்டப்டூல்ஸால் கட்டப்பட்டது. பின்னர் வீல் பேக்கேஜ் ஃபிளிட்-கோர் என்ற வேறு கருவிக்கு மாறியது. செட்டப்டூல்ஸ் 2024-ல் வீல் கட்டும் பகுதியைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. பைதானின் பெப் 517 என்ற நெறிமுறை, கட்டும் தேவைகளில் சுழல் இருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. அப்படி இருந்தால் பிப் போன்ற கருவிகள் கட்ட மறுக்கலாம் என்றும் அனுமதிக்கிறது.

இது சிக்கலாகும் தருணம் எது என்று பார்த்தால், ஆயத்த வீல் கிடைக்காத தருணம்தான். நேற்று வெளியான பைதான் பதிப்பு, அதிகம் புழங்காத பிராசசர், அல்லது எதையும் பைனரியாக எடுக்காதே என்று பயனரே பிப்புக்குக் கொடுத்த கட்டளை. பிப் மூலநிரலை இறக்கிக் கட்ட முயலும், கட்டும் கருவியைக் கட்ட இன்னொரு கட்டும் கருவி வேண்டும், அங்கே முட்டிக்கொள்ளும். பிப்பைப் புதுப்பிப்பது, வீல்கள் வெளியாகியிருக்கும் சற்றுப் பழைய பைதான் பதிப்புக்கு மாறுவது, கட்டும் கருவிகளுக்கு மட்டும் பைனரியை அனுமதிப்பது, சிமேக் போன்ற கட்டும் கருவிகளை டிஸ்ட்ரோவின் பேக்கேஜாக நிறுவிக்கொள்வது ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும். நான்கும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. வெளியிலிருந்து உறையைக் கொண்டுவருகின்றன.

சுழல் போலத் தெரிபவை

சுழல் சார்பு என்று சொல்லி உதவி கேட்பவர்களில் கணிசமானோருக்கு வந்திருப்பது சுழலே அல்ல. பதிப்பு மோதலை அவர்கள் சுழல் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆப்ட் காட்டும் செய்தி இந்த மயக்கத்தை வளர்க்கிறது. ஒரு பேக்கேஜைக் கேட்டால், அதற்கு இன்னொன்று வேண்டும், ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை என்று சொல்லும். ஏன் நிறுவப்படப் போவதில்லை என்று பெரும்பாலும் சொல்லாது. அந்த இன்னொன்றைத் தனியே கேட்டால் மூன்றாவது ஒன்றைக் காட்டும். இப்படி நாலு முறை துரத்தப்பட்டவருக்கு, தன்னைச் சுற்றவிடுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அதே துரத்தலை விடாமல் இறுதிவரை செய்வதே சரியான வழி. ஒவ்வொரு முறையும் செய்தியில் வந்த புதுப் பெயரை நேரடியாக நிறுவக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஓர் இடத்தில் செய்தியின் தோற்றம் மாறும். 'இந்தப் பதிப்பு வேண்டும், ஆனால் அந்தப் பதிப்புதான் நிறுவப்பட இருக்கிறது' என்று இரண்டு எண்கள் எதிரெதிராக நிற்கும். நோய் அங்கே இருக்கிறது. பழைய பெயரே திரும்பி வந்தால் மட்டும் அது சுழல்.

இரண்டு எண்கள் எதிரெதிராக நிற்பதற்குக் காரணங்கள் சிலவே. வெளியார் ரெப்பாசிட்டரி (பேக்கேஜ் களஞ்சியம்) ஒன்றைச் சேர்த்து, அதிலிருந்து புதிய லைப்ரரி இறங்கியிருக்கும். டிஸ்ட்ரோவின் மேம்பாட்டுப் பேக்கேஜ் பழைய லைப்ரரியின் அச்சு அசலான பதிப்பைக் கேட்கும். அல்லது வேறு உபுண்டு வெளியீட்டுக்கான ரெப்பாசிட்டரி வரி பட்டியலில் தங்கிப்போயிருக்கும். அல்லது யாரோ எப்போதோ ஒரு பேக்கேஜைப் புதுப்பிக்காதே என்று நிறுத்திவைத்திருப்பார்கள். எந்தப் பதிப்பு எந்த ரெப்பாசிட்டரியிலிருந்து வருகிறது என்று காட்டும் ஆப்ட்-கேஷ் பாலிசி என்ற கட்டளையும், நிறுத்திவைக்கப்பட்டவற்றைப் பட்டியலிடும் ஆப்ட்-மார்க் கட்டளையும் இந்த மூன்றையும் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டிவிடும். மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால், பிரித்துவைத்து அமைக்காமல் விட்ட பேக்கேஜ்களை எல்லாம் அமைக்கச் சொல்லி டி-பேக்கேஜிடம் கேட்பதும், உடைந்த சார்புகளைச் சரிசெய்யச் சொல்லி ஆப்டிடம் கேட்பதும் முதல் சிகிச்சை.

என்பிஎம்மிலும் இதே கதை. 2020-ல் வந்த ஏழாம் பதிப்பு, பியர் சார்பு எனப்படும் உடன்சார்புகளைத் தானே நிறுவத் தொடங்கியது. அதுவரை எச்சரிக்கையோடு விட்டுவிட்ட மோதல்கள் பிழைகளாகிவிட்டன. திட்டத்தில் ரியாக்ட் லைப்ரரியின் 18-ஆம் பதிப்பு இருக்கும். ஏதோ ஒரு பழைய பேக்கேஜ் ரியாக்ட் 17 மட்டுமே வேண்டும் என்னும். சார்பு மரத்தைத் தீர்க்க முடியவில்லை என்று என்பிஎம் நின்றுவிடும். பழைய நடத்தைக்குத் திரும்பும் தேர்வு ஒன்று உண்டு, அது வேலையையும் முடித்துவிடும். ஆனால் மோதல் அப்படியே இருக்கும். அந்தப் பேக்கேஜின் புதிய பதிப்பைத் தேடுவதுதான் செய்யத் தக்கது. பிப்பும் அதே 2020-ன் இறுதியில் 20.3 பதிப்பில் புதிய தீர்வுமுறைக்கு மாறி, பொருந்தாத பதிப்புகளைச் சத்தமில்லாமல் நிறுவிவிடும் பழக்கத்தைக் கைவிட்டது.

இந்தக் குழப்பத்தில் பலர் எடுக்கும் ஆயுதம் கட்டாயப்படுத்தும் தேர்வுகள். சார்பைப் பார்க்காமல் நிறுவு, சார்பைப் பார்க்காமல் நீக்கு என்று கட்டளை கொடுப்பது. உண்மையான சுழலில், எந்த இடத்தில் அறுக்கிறோம் என்று தெரிந்து கட்டாயப்படுத்தினால் அது சரியான தீர்வாகவே இருக்கக்கூடும். பதிப்பு மோதலில் அதைச் செய்தால் ஆப்டின் கணக்கேடு உடைந்து, அதன்பின் வரும் ஒவ்வொரு நிறுவலும் அதே புகாரைப் பாடும். நீக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். உபுண்டுவில் பைதான்3 பேக்கேஜை நீக்கச் சொன்னால் டெஸ்க்டாப்பே அதோடு சேர்ந்து போகும். எவையெல்லாம் நீக்கப்படும் என்று ஆப்ட் பட்டியல் காட்டிவிட்டுத்தான் சம்மதம் கேட்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் சொன்னவர்களின் கதைகள் ஏராளம்.

நிறுவலுக்குச் சம்பந்தமில்லாமல் நிரலுக்குள் வரும் சுழல்களும் இதே பெயரில் வழங்குகின்றன. பைதானில் இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்தால், பாதி மட்டுமே ஏற்றப்பட்ட மாட்யூல் என்றும், காரணம் பெரும்பாலும் சுழல் இம்போர்ட் என்றும் புதிய பதிப்புகள் சொல்கின்றன. நிரல்களைக் கட்டப் பயன்படும் மேக் கருவி சுழலைக் கண்டால் ஒரு சார்பை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போய்விடும். அந்த ஒரு வரி நீண்ட கட்டல் வெளியீட்டில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இவற்றுக்குப் பேக்கேஜ் மேனேஜரில் மருந்து கிடையாது. நிரலைத்தான் திருத்த வேண்டும்.

கட்டுபவர்கள் பக்கம்

பேக்கேஜ்களை உருவாக்குவோர் முன்கூட்டியே யோசித்தால் பாதிச் சுழல்கள் பிறக்கவே பிறக்காது. சுழல்களில் பல சோதனைகளாலும் ஆவணங்களாலும் வருகின்றன. சோதனைக் கருவி ஒரு லைப்ரரியைப் பயன்படுத்தும். அந்த லைப்ரரியோ தன்னைச் சோதிக்க அதே கருவியைக் கேட்கும். மென்பொருள் ஓடுவதற்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. டெபியன் இதற்காகவே பில்ட் புரொஃபைல் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. சோதனை வேண்டாம், ஆவணம் வேண்டாம், முதல் சுற்றுக்கான சிறிய வடிவம் போதும் என்று பேக்கேஜைக் கட்டும்போதே குறிப்பிடலாம். புதிய வகைப் பிராசசருக்கு டெபியனை முதன்முதலாகக் கொண்டுபோகும்போது இந்த ஏற்பாடு இல்லாமல் ஓரடி நகர்வதும் கடினம். அங்கே ஆயத்தப் பைனரி என்று எதுவுமே இருக்காது. ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களின் சுழல்களை ஒவ்வொன்றாக அறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரே குழு எழுதும் இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று கேட்டால், இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவது பேக்கேஜாகப் பிரித்தெடுப்பது நல்ல வழி. இரண்டும் அதைச் சாரும்; அது எதையும் சாராது. அப்படிப் பிரிக்கவே முடியவில்லை என்றால், அவை இரண்டு பேக்கேஜ்களாக இருக்கத் தேவையில்லாதவை என்றே கொள்ள வேண்டும். ஒன்றாக இணைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அழகுக்காகப் பிரித்துவைத்து, நிறுவுவோர் தலையில் சுமையை ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டிஸ்ட்ரோவின் சொந்த ரெப்பாசிட்டரியை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியார் பேக்கேஜ் எதுவும் கலக்காத புதுக் கன்டெய்னரிலும் சுழல் வருமானால் அது பயனரின் தவறு அல்ல, பேக்கேஜின் பிழை. அதைப் பராமரிப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையில் டிஸ்ட்ரோவின் பெயரும் பதிப்பும், கொடுத்த கட்டளை எழுத்து மாறாமல், பிழைச் செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தாளில் அம்புக்குறி போட்டுக் கண்டுபிடித்த சுழலின் பெயர்கள், எந்தக் கட்டத்தில் சுழல் விழுகிறது என்பது ஆகிய அனைத்தும் இருந்தால், பராமரிப்பாளர் திருப்பிக் கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கலாம்.